கோரைத்திட்டில் மூன்று வேளை

புரட்டாசி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், நாங்கள் திட்டின் ஓரத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் கோரைத்திட்டு கொள்ளிடத்தில் மேற்கே போக ஆரம்பித்தது. தண்ணீர் கிழக்கே கடலுக்குப் போனது, திட்டு அதற்கு எதிராக மேற்கே போனது. முப்பது வீடு, நாற்பத்தெட்டு மாடு, எண்ணி முடியாத கோழி, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கைப்பம்பு, இத்தனையையும் சுமந்துகொண்டு நிறைமாதக்காரி நடப்பதுபோல நிதானமாகப் போனது. யாரும் கூச்சல் போடவில்லை. மேலத்தெரு சின்னப்பொண்ணு மட்டும், அக்கரையில் காயப்போட்ட சேலை போச்சே என்று வாயில் அடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையில் கிளம்பலாமா, ஒரு நாள் பொறுத்துப் புதன்கிழமை போனால் ஆகாதா என்று பூசாரி வைத்தி குனிந்து மண்ணைப் பார்த்துக் கேட்டார். அது அவர் பேச்சைக் கேட்கிற வழியாக இல்லை. அதனால் நாங்கள் வாய் கொப்பளித்துவிட்டு உலை வைக்கப் போனோம்.

ஊர் என்பது ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு நாளில் பழகிவிட்டது. மேற்கே போகப் போக போனில் டவர் நன்றாகக் கிடைத்தது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகளோடு தாய்மார்கள் ஓயாமல் பேசினார்கள். கரையோரத்து ஊர்க்காரர்கள் நீங்க எந்த ஊரு என்று கத்திக் கேட்டார்கள், கோரைத்திட்டு என்றோம், அது கடல் பக்கம்ல இருக்கு என்றார்கள், இருந்துச்சு என்றோம். ஒரு வி.ஏ.ஓ. வெயிலில் ஓடி வந்து, திட்டு என் எல்லைக்குள்ளே நிற்கக் கூடாது, நின்றால் நான் மேலே எழுத வேண்டியிருக்கும் என்றார். நிற்கவில்லை ஐயா, போய்க்கொண்டிருக்கிறது என்றோம். போய்க்கொண்டிருந்தால் எழுத வேண்டியதில்லை என்று அவர் நிம்மதியாகத் திரும்பிப் போனார். ஒரு பாலம் வந்தபோது திட்டு தூண்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தது; அந்த நேரத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒட்டிக்கொண்டதால், பத்து வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பங்காளிகள் ஒருவர் வாசலில் ஒருவர் நிற்கும்படி ஆகி, வேறு வழியில்லாமல் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டார்கள்.

எதற்காகப் போகிறது என்பது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. கரையில் ஒரு டீக்கடைச் சுவரில் பெரிய நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கொள்ளிடத்தில் கயாக் படகுப் பயணம், நான்கு நாள், அழகான சின்னச் சின்னத் தீவுகள், தீவு மக்களோடு விருந்து. வருகிற திங்கட்கிழமை முதலாளியே தனியாகத் துடுப்புப் போட்டுப் பார்த்து, எந்தெந்தத் தீவு என்று முடிவு செய்யப் போகிறார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நோட்டீஸில் முதலாளியின் படம் இருந்தது, தலையில் தொப்பி, முகம் நிறையப் பல்.

தெய்வசிகாமணி.

அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் கைக்குழந்தைகூடக் காறித் துப்பும். ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் துறையில் மண் அள்ளியவன் அவன். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது, பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அந்தத் தடத்திலேயே அவன் மெஷின் ஒரே ராத்திரியில் நாற்பதடிக்குத் தோண்டிவிட்டுப் போயிருந்தது, மேலே பார்த்தால் தண்ணீர் எப்போதும்போல அமைதியாக இருந்தது. காலையில் பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள். உயரமானவள் என்பதால் முன்னால் நடந்தவள் மங்கை, என் அண்ணன் மகள், பதினாலு வயசு. பின்னால் போன பிள்ளைகள் அவள் இல்லாமல் திரும்பி வந்தார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் அவன், ஆத்துக்குள்ள குடியிருக்கற ஜனங்களுக்கு நீச்சல்கூடவா தெரியாது என்று சிரித்தபடி கேட்டதாகச் சொன்னார்கள். பிறகும் இரண்டு வருஷம் அள்ளினான். எங்கள் திட்டில் பாதி அவன் லாரியில் போனது. மண் தீர்ந்த பிறகு போய்விட்டான், இப்போது மிச்சமிருப்பதை ஊருக்குக் காட்டிப் பிழைக்கத் திரும்பி வருகிறான்.

மங்கைக்கு மூன்று வயசாக இருக்கும்போதே என் அண்ணன் பாம்பு கடித்துப் போய்விட்டார். அண்ணி செங்கமலத்துக்கு அவள் ஒருத்திதான். நோட்டீஸ் விஷயத்தைக் கேட்ட அன்று அண்ணி உள்ளே போய், ஏழு வருஷத்துக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து, “பவுனு, அவன நம்ம ஆளாக்கணும்” என்றாள்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். ஒரு திட்டின் தண்ணீரில் சமைத்ததை மூன்று வேளை சாப்பிட்டவர் அந்தத் திட்டின் ஆள். அடுத்தடுத்து மூன்று வேளை என்றில்லை, வாழ்நாளில் மூன்று வேளை. அதனால் பெண் பார்க்க வருகிற சம்பந்திகள்கூட இரண்டு வேளையோடு கை கழுவிக்கொண்டு படகேறிவிடுவார்கள். திட்டு ஆள் என்றால் வெள்ளத்துக்கு மூட்டை சுமக்க வேண்டும், சாவுக்குத் தோள் கொடுக்க வேண்டும், ஊர் உத்தரவு கொடுக்காமல் வெளியே தங்கப் போகக் கூடாது. முக்கியமாக, எங்களில் ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டால், உடம்பு கிடைக்கும்வரை வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கித் தேட வேண்டும். உடம்பு கிடைக்காமல் கருமாதி இல்லை. கருமாதி முடியாமல் ஊரில் எந்த வீட்டிலும் கல்யாணம் இல்லை. ஏழு வருஷமாக நாங்கள் முறை வைத்து இறங்கிக்கொண்டுதான் இருந்தோம், ஏழு வருஷமாகத் திட்டில் மேளச் சத்தம் கேட்கவில்லை. பூசாரி வைத்தியின் மகள் தவமணிக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்தபோது இருபத்திரண்டு வயசு, இப்போது இருபத்தொன்பது.

சிக்கல் என்னவென்றால், தெய்வசிகாமணிக்கும் இந்த வழக்கம் தெரியும். மண் அள்ளிய காலத்தில் அவன் கரையில் ஜீப்பில் உட்கார்ந்தே வேலை வாங்கினான், ஒரு நாள்கூடத் திட்டில் கால் வைத்ததில்லை, வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு வரும், டிரைவர்களுக்கும் அப்படியே கண்டிப்பு. இவ்வளவு விவரமானவன் ஒரே திட்டில் மூன்று வேளை எப்படி உட்காருவான்? இதை நாங்கள் கோயில் வாசலில் கூடி மண்டையை உடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது, அணைக்கரைக்குக் கிழக்கே ஒரு வளைவில் திட்டு தானாகவே நின்றுவிட்டது. அண்ணிதான் முதலில் சிரித்தாள். நாம் எதற்கு அவனைப் பிடித்து வைக்க வேண்டும், அவன் போகிற இடத்துக்கெல்லாம் முன்னால் போய் நிற்க நமக்குத்தான் கால் முளைத்திருக்கிறதே என்றாள்.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. முப்பது வீட்டையும் மூன்றாகப் பிரித்தோம். பத்து வீடு கரைக்கு வந்தால் மற்ற இருபது வீடும் கோரைப் புல்லுக்குள் மாட்டோடு உட்கார்ந்துகொள்ள வேண்டும், இருமல்காரர்கள் நடுவில். எங்கள் திட்டிலேயே குடியிருக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஊர்ப் பெயர்ப்பலகையை வெள்ளையடித்துப் புதுப்பெயர் எழுதினார். கைப்பக்குவம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சமையலுக்கும் ஆளை மாற்றினோம். அதில் மட்டும் பெரிய சண்டை வந்தது, சின்னப்பொண்ணு வைக்கிற மீன் குழம்பைச் சாப்பிட்டால் அவன் ஓடிவிடுவான் என்று நான்தான் சொன்னேன், அவள் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

திங்கட்கிழமை உச்சி வேளையில் அவன் வந்தான். ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் கயாக், கறுப்புக் கண்ணாடி, நெஞ்சில் மிதவைச் சட்டை. ஐம்பத்தெட்டு வயசுக்குத் துடுப்பை நன்றாகத்தான் போட்டான்.

“இது என்ன ஊருங்க?”

“நாவத்திட்டுங்கய்யா” என்றார் வாத்தியார்.

“நாவ மரம் ஒண்ணையும் காணுமே?”

“வெட்டிட்டாங்கய்யா.”

அவன் தலையாட்டிக்கொண்டான், வெட்டுவது அவனுக்குப் புரிகிற விஷயம். டூரிஸ்ட்களைக் கூட்டி வரப்போவதாகவும், சாப்பாடு ருசி பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். “ஆனா ஒரு வேளதான். ஒங்க வழக்கமெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு திட்டுல ஒரு வேளைக்கு மேல ஒக்கார மாட்டேன்” என்று விரலை ஆட்டிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். கெண்டைமீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே கிளம்பினான். அடுத்த வளைவில் ஆறு இரண்டாகப் பிரிகிறது, அவன் வலது பக்கம் போனான், நாங்கள் இடது பக்கம் போனோம்.

மறுநாள் அவன் கரையில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வந்தபோது நாங்கள் கொக்குமேடாக இருந்தோம். வேறு பத்து வீடு, வேறு சமையல், கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். அதே கைப்பம்புத் தண்ணீர். நேற்றைய திட்டைவிட இது சுத்தமாக இருக்கிறது, ஜனங்களும் மரியாதை தெரிந்தவர்கள் என்றான். கோரைக்குள் பதுங்கியிருந்த வாத்தியாருக்கு அது பெரிய மனக்குறையாகிவிட்டது. இங்கும் ஒரு வேளைதான் என்று எழுந்தான். அன்று மத்தியானம் அவன் மர நிழலில் படுத்திருந்த நேரத்தில் நாங்கள் மறுகரையோரமாக நழுவிப் போனோம், மாடுகளின் வாயில் வைக்கோலைத் திணித்து வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் திட்டு தன் சொந்த இடத்துக்கே வந்து நின்றது, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில். பலகையில் கோரைத்திட்டு என்றே எழுதச் சொல்லிவிட்டாள் அண்ணி. அவன் கரையைப் பார்த்தான், மெஷின் நின்ற மேட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். ஒரு நிமிஷம் துடுப்பு நின்றது. ஆனால் அவன் இதுவரை கோரைத்திட்டில் ஒரு பருக்கைகூடத் தின்றதில்லை, அது அவனுக்குத் திடமாகத் தெரியும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. தைரியமாக இறங்கினான்.

“பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. ஒங்களுக்கும் பொழப்பு வரணும்னுதான் இந்த ஏற்பாடே” என்றான்.

“வெச்சுக்கலீங்க. ஒக்காருங்க, இலை போடறேன்” என்றாள் அண்ணி.

அவள் கையாலேயே பரிமாறினாள். வெறும் சோறு, பருப்பு, ஒரு அப்பளம். மூன்றாவது கவளத்தை அவன் விழுங்கியபோது கோரைப் புல் விலகியது. நாவத்திட்டின் வாத்தியாரும், கொக்குமேட்டின் சின்னப்பொண்ணும், எல்லாரும் மாடு கன்றுகளோடு எழுந்து வந்து அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். வாத்தியார் முகத்துக்கு வந்ததும் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. துப்பலாமா விழுங்கலாமா என்று அவன் தவித்த தவிப்பைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது.

“மூணு வேள ஆயிடுச்சு. இனி நீ நம்ம ஆளு” என்றாள் அண்ணி.

ஓடினான். கயாக்கில் தாவி ஏறி வடக்கே துடுப்புப் போட்டான், திட்டு நகர்ந்து வடக்கே அவன் முன்னால் நின்றது. தெற்கே போட்டான், தெற்கே நின்றது. சாயங்காலம்வரை ஆற்றை உழுதான், எந்தப் பக்கம் போனாலும் மூக்கு வந்து முட்டியது எங்கள் மண்ணில். போனில் போலீசைக் கூப்பிட்டான். அவர்கள் லாஞ்சில் வந்து, கோரைத்திட்டு எங்கே என்று எங்களிடமே விசாரித்தார்கள்; அன்றைக்குப் பலகையில் நாவத்திட்டு என்று இருந்ததால் வாத்தியார் கிழக்கே கையைக் காட்டிவிட்டார், கோரைக்குள் அவன் வாயில் சின்னப்பொண்ணு தன் கைப்பக்குவத்தில் ஒரு பெரிய உருண்டையைத் திணித்து வைத்திருந்தாள். அவன் மகன்கள் இரண்டு பேரும் கரையில் ஒரு வாரம் நின்றார்கள், பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை வந்தார்கள், பிறகு வரவில்லை.

ஊர் கூடியது. உத்தரவு கொடுக்கிற உரிமையை அண்ணியிடம் விட்டது. அண்ணி அவனிடம் சொன்னாள், “எம் பொண்ணு இந்தப் பள்ளத்துலதான் இருக்கா. எடுத்துக் குடு. எடுத்துக் குடுத்த அன்னிக்கே நீ போவலாம். மாரியம்மா மேல ஆணை.”

அவன் இறங்க ஆரம்பித்தான். முதல் வாரம் இரண்டு ஆள் ஆழத்துக்குக்கூடப் போக முடியவில்லை, மூக்கில் ரத்தம் வந்தது, எங்கள் பிள்ளைகள் மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐப்பசியில் தொப்பை கரைந்தது, கார்த்திகையில் அடி மண்ணைத் தொட்டான், மார்கழியில் எங்கள் ஆட்களைவிட அதிக நேரம் உள்ளே இருந்தான். தான் வெட்டிய பள்ளம் எவ்வளவு பெரியது என்று ஒவ்வொரு நாளும் கையால் தடவித் தடவித் தெரிந்துகொண்டான். ஊரும் அவனுக்குப் பழகிவிட்டது. சிகாமணி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டோம், குளிர் காய விறகு கொடுத்தோம், சின்னப்பொண்ணு சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மார்கழியில் ஒரு சாவுக்குத் தோள் கொடுத்தான். அண்ணி தினமும் கரையில் உட்கார்ந்து, அவன் உள்ளே போவதையும், நீலம் பாரித்து மேலே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். சொல்ல எனக்கு வெட்கமில்லை, நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. மங்கைக்குப் போர்த்த நான் எடுத்த புதுத்துணி ஏழு வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. அவளை ஒரு முறை கையில் வாங்கி, முறைப்படி மண்ணில் வைத்துவிட்டால் போதும், இவன் எங்கேயோ தொலையட்டும் என்று சில நேரம் தோன்றும்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறிய நேரம், கயிறு மூன்று முறை இழுபட்டது. தூக்கினோம். அவன் கையில் ஓர் எலும்பு இருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பு. அதில் ஒரு எவர்சில்வர் தகடு, தகட்டில் ஆறு திருகாணி.

மங்கை பத்து வயசில் கொடுக்காப்புளி மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துத் தகடு போட்டார்கள், பன்னிரண்டு நாள் நான்தான் கூட இருந்தேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு திருகாணியாக அவள் எனக்கு எண்ணிக் காட்டுவாள். ஊரே மாற்றி மாற்றி வந்து பார்த்துவிட்டுப் போன கால் அது. தெரியாதவர்கள் அந்தக் கரையில் யாருமில்லை.

அவன் அண்ணியின் முன்னால் மண்டிபோட்டு அதை நீட்டினான். அழுதுகொண்டிருந்தான். “கெடச்சிடுச்சும்மா. இதுதானேம்மா?”

அண்ணி இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் முதல் திருகாணியின் பாசியைத் தேய்த்து எடுத்தாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஆறையும் துடைத்து முடித்தாள். புடவைத் தலைப்பால் ஒரு முறை முழு எலும்பையும், குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலத் துவட்டினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் இளைத்திருந்தான், உயிரோடு இருந்தான், போகத் தயாராக இருந்தான்.

“ஆட்டெலும்பு” என்றாள். “எங்க எடுத்தியோ அங்கயே போட்டுட்டு வா. நாளைக்கு வேற பக்கம் பாரு.”

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. “ஆட்டுக்கு யாரும்மா பிளேட்டு போடுவா?” என்று அவளிடமே கேட்டான். எழுந்து பூசாரியிடம் ஓடினான். வைத்தி எலும்பைப் பார்த்தார், தன் மகளைப் பார்த்தார். தவமணி முன்னால் வந்தாள். அவளுக்காக ஏழு வருஷம் காத்திருந்த மாப்பிள்ளை இந்தத் தை பார்த்துவிட்டு வேறிடம் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான், அதுவும் எல்லாருக்கும் தெரியும். “ஆட்டெலும்புதான். இதுல என்ன சந்தேகம்?” என்றாள் தவமணி. வாத்தியார் ஆமாம் என்றார். சின்னப்பொண்ணு ஆமாம் என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

கடைசியில் அவன் என்னிடம் வந்தான். “அக்கா, நீங்க அந்தப் புள்ளைக்கு அத்தை. நீங்க சொல்லுங்கக்கா.”

எலும்பை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் பிடித்திருந்தான். கையை நீட்டினால் போதும். பெட்டியில் இருந்த துணி எனக்கு ஞாபகம் வந்தது. அவன் கண்ணில் இருந்த நம்பிக்கையையும் பார்த்தேன், அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கெட்டியாகிவிட்டது.

“ஆடுதான்டா” என்றேன். “போன வருஷம் எங்க வீட்டு ஆடு ஒண்ணு தண்ணில போச்சு.”

அவன் இடுப்புக் கயிற்றைத் தானே இறுக்கிக்கொண்டு, எலும்போடு உள்ளே போனான். நாங்கள் கயிற்றைப் பிடித்திருந்தோம். மேலே வந்தபோது கையில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போகும்போது அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோயிலைத் தாண்டியதும், யாரோ அவள் பிள்ளையைப் பாராட்டிவிட்டதுபோல ஒரு குரலில் கேட்டாள்.

“ஏழு வருஷம் தண்ணிக்குள்ள கெடந்து ஒரு திருகாணிகூடத் துரு புடிக்கல, பாத்தியா பவுனு?”

“பாத்தேன் அண்ணி” என்றேன்.